சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி வெடிக்க மறுப்பதும் துருப்பிடிப்பதும்: வைத்துப் பேண நினைக்கும் ஒருவருக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி ஒன்றைப் புதிதாக வாங்கலாமா என்பது முதல் கேள்வி. அது பாதி நேரம் வெடிக்காது, ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் துரு தின்றுவிடும் என்று சிலர் சொன்னது உண்மையா என்பது இரண்டாவது. உறவினர் வழியாக உங்கள் கைக்கு வந்திருக்கும் பழைய துப்பாக்கியையே துடைத்துப் பளபளப்பாக்கிச் சுட முடியாதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தத் துப்பாக்கிக்குச் சொல்லப்படும் குறைகள் அதன் அமைப்பிலேயே உள்ளவையா, வைத்திருப்பவரின் கைப்பழக்கத்தால் வருபவையா? பல ஆண்டுகளாக இவற்றைச் சுட்டும், கழற்றிக் கழுவியும், பிறருடையவற்றைச் சீர்செய்து கொடுத்தும் வந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலானவை கைப்பழக்கத்தால் வருபவை. அமைப்பிலேயே உள்ள குறைகளும் சில உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் பழைய துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. அதைத் துடைப்பதற்கும், குதிரையை, அதாவது கல்லைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி அடிக்கும் உறுப்பை, இழுத்துப் பார்ப்பதற்கும், வந்தவர்களிடம் எடுத்துக் காட்டுவதற்கும் முன்னால், அதற்குள் மருந்தும் குண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோட்டா போடும் துப்பாக்கியைப் போலப் பின்புறம் திறந்து பார்க்க இதில் வழியில்லை. கெட்டித்து வைத்தவர் மறைந்து தலைமுறைகள் கடந்த பின்பும் உள்ளே கெட்டித்தது அப்படியே கிடக்கலாம். பழைய துப்பாக்கிகளைக் கையாள்பவர்கள் இப்படிப்பட்டவற்றை இன்றும் காண்கிறார்கள். ஈரம் படாத கரிமருந்து காலத்தால் வலுவிழப்பதில்லை; நூறாண்டு கழிந்த பிறகும் ஒரு பொறி பட்டால் வெடிக்கும். சோதிக்கும் முறை எளியது. குழல்வாயின் நேருக்கு நேராக உங்கள் முகமோ கையோ பிறரோ வராதபடி துப்பாக்கியைப் படுக்க வைத்து, நேரான மரக்கோல் ஒன்றை வாய்வழியே மெல்ல உள்ளே செலுத்துங்கள். அது தட்டி நிற்கும் இடத்தில், குழல்வாயின் விளிம்புக்குச் சமமாகக் கோலில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாயோடு பொருந்தும்படி குழலின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, குழலின் பக்கவாட்டில் உள்ள தீத்துளை வரை வந்தால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது பழைய துணியாகவோ பூச்சிக் கூடாகவோகூட இருக்கலாம். ஆனால் மருந்தும் குண்டும் என்றே கொள்ளுங்கள். நீங்களாகக் குடையவோ, சூடாக்கவோ, துளையிடவோ வேண்டாம். இவ்வகைத் துப்பாக்கிகளில் பழக்கமுள்ள ஒரு தொழிலாளியிடம், உள்ளே கெட்டித்திருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள்.

அது காலி என்று உறுதியான பிறகும், அதைச் சுட வேண்டாம் என்பதே என் பதில். பழைய குழல்கள் பெரும்பாலும் தேனிரும்புப் பட்டையைச் சுருட்டி, நீளவாக்கில் உள்ள விளிம்புகளைக் கொல்லன் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்யப்பட்டவை. அந்த இணைப்புக்குள் கசடு புகுந்திருந்தாலோ, அடிப்பகுதியில் துரு உள்ளிருந்து குழி பறித்திருந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாது. மருந்து எரியும்போது அழுத்தம் மிகுவதோ அதே அடிப்பகுதியில்தான். குழலில் பழைய சோதனை முத்திரைகள் இருப்பதைக் காட்டி, இது தேறிய குழல் என்று சிலர் வாதிடுவதுண்டு. அது செய்யப்பட்ட நாளில் தேறியதற்குச் சான்று அந்த முத்திரை. இன்றைய நிலைக்குச் சான்றல்ல. குழலைக் கழற்றி, குழலின் பின்முனையை அடைக்கும் அடித்திருகை நீக்கி, உட்புறத்தை நுண்கருவிகளால் பார்த்த ஒருவர் மட்டுமே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம். புகைப்படத்தை வைத்து எழுத்தில் யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பளபளப்பாக்குவதும் வேண்டாம். இரும்பின் மேல் படிந்திருக்கும் அடர்ந்த பழுப்பு நிறம் நிலைத்துவிட்ட ஒரு பூச்சு. அதை உப்புத்தாள் கொண்டோ சுழலும் கம்பித் தூரிகை கொண்டோ நீக்கினால், அதோடு சேர்ந்து செதுக்கு வேலையின் கூர்மையும், செய்தவர் முத்திரையும், உலோகத்தின் விளிம்புகளும் போய்விடும். போனவை திரும்பி வாரா. துப்பாக்கியின் மதிப்பும் வரலாற்றுச் செய்தியும் பெருமளவு அந்த மேற்பரப்பில்தான் இருக்கின்றன. சிவந்த தூளாக உதிரும் துரு மட்டும்தான் இன்னும் உயிரோடு இருக்கும் துரு. அதற்கு மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்மையான துணியால் பொறுமையாக ஒற்றி எடுத்தால் போதும். பிறகு அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, துணியால் தேய்த்துவிடுங்கள். மரத்தின் மேல் பளபளக்கும் வார்னிஷ் எதையும் அடிக்காதீர்கள்.

இனி, வெடிக்காமல் போவதைப் பற்றி. இந்தப் பொறியமைப்பு முழு வடிவம் பெற்றது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சில். நார்மண்டியின் லிசியூ நகரைச் சேர்ந்த மாரின் லெ பூர்ஜுவா என்ற அரசவைக் கைவினைஞர் அதை உருவாக்கியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் பிறகு அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்று, அது படைகளில் பரவ 1840கள் ஆகும் வரை, ஐரோப்பியப் படைகள் படிப்படியாக இதற்கு மாறி, இதை நம்பியே போர் செய்தன. பாதி நேரம் வெடிக்காத ஒன்றை இருநூறு ஆண்டுக்கு மேல் யாரும் கையில் வைத்திருக்கமாட்டார்கள். மழையிலும், தேய்ந்த கல்லோடும், அவசரத்திலும் அது தவறியது உண்மை. உலர்ந்த நாளில், நன்றாகச் சீரமைத்த துப்பாக்கியில், அறிந்தவர் கையில் தவறுவது அரிது.

ஏன் தவறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பொறி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கல்லிலிருந்து பொறி பறக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எரிவது எஃகு. குதிரையின் தாடையில் பிடித்திருக்கும் கல், எதிரே நிற்கும் கடினமாக்கிய எஃகுத் தகட்டின் முகத்தைச் சீவிக்கொண்டு இறங்குகிறது. சீவப்பட்ட நுண்ணிய எஃகுத் துணுக்குகள் அந்த வேகத்திலேயே சூடேறி, காற்றுப் பட்டு எரிந்தபடி, கீழே தீத்துளையை ஒட்டிச் சிறிது மருந்து இட்டிருக்கும் கிண்ணத்தில் விழுகின்றன. ஆகவே கல் உளியாகச் செயல்பட வேண்டும். அதன் விளிம்பு கூராக இருக்க வேண்டும், தகட்டின் முழு அகலத்திலும் ஒரே நேரத்தில் நேராகப் பட வேண்டும். துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு, வாசலை ஒட்டிய மங்கலான இடத்தில் குதிரையைத் தட்டிப் பாருங்கள். நல்ல அமைப்பில் வெண்மையும் மஞ்சளுமான தடித்த பொறிகள் சீறும் ஒலியோடு கிண்ணத்துக்குள் விழும். ஓரிரண்டு சிவந்த பொறிகள் மட்டும் தோன்றி உடனே அவிந்தால், கல் மழுங்கியிருக்கிறது, அல்லது தகட்டின் முகம் கெட்டிருக்கிறது.

தகட்டின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். மேலிருந்து கீழாக மெல்லிய, சீரான கோடுகள் இருந்தால் அது நலமான தகடு. நடுவில் படிக்கட்டுப் போலப் பள்ளங்கள் விழுந்து, கல் ஒவ்வொரு முறையும் அங்கேயே இடித்து உடைந்தால், தகடு மென்மையாக இருக்கிறது. அதை மறுபடி கடினமாக்க வேண்டும். கல் வழுக்கிக்கொண்டு போய், கோடே விழாமல் கண்ணாடி போலிருந்தால், தகடு அளவுக்கு மீறிக் கடினமாகியிருக்கிறது. அதைச் சற்றே பதப்படுத்த வேண்டும். இரண்டுமே தொழிலாளி செய்ய வேண்டிய வேலைகள், ஆனால் இரண்டும் தீரக்கூடியவை. மலிவான புதிய துப்பாக்கிகள் வெடிக்க மறுப்பதற்கு நான் கண்ட முதற்காரணம், மென்மையாக விடப்பட்ட இந்தத் தகடுதான். வாங்கியவர்கள் கல்லை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் இந்த வகைத் துப்பாக்கியையே குறை சொல்லிவிடுகிறார்கள்.

கல்லைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்திலுள்ள பிராண்டன் ஊர்க் கல் கருமையாக இருக்கும். பிரான்சின் மேன் ஊர்ப் பக்கத்துக் கல் தேன்நிறத்தில் இருக்கும். இரண்டும் துப்பாக்கிக் கல் உடைக்கும் தொழிலுக்கே பெயர்போன ஊர்கள். சுத்தியலால் தட்டி உடைத்த இந்தக் கற்களின் விளிம்பு இயல்பாகவே கத்தி போல அமைகிறது. வைரச் சக்கரத்தால் அறுத்துத் தீட்டிய அகேட் என்னும் கடினக் கற்கள் பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அவை தகட்டைச் சீவுவதைவிட அரைப்பதே அதிகம் என்பது என் அனுபவம், அவற்றையே விரும்பிப் பயன்படுத்தும் நல்ல சுடுநர்களும் இருக்கிறார்கள். எந்தக் கல்லானாலும் தாடையில் வெறுமனே வைக்கக் கூடாது. தோல்துண்டிலோ மெல்லிய ஈயத் தகட்டிலோ பொதிந்து திருகை இறுக்க வேண்டும். குதிரையைப் பாதியில் நிறுத்தி, தகட்டை மூடிப் பார்த்தால், கல்லின் விளிம்பு தகட்டைத் தொடாமல், மிக அருகில், அதற்கு இணையாக நிற்க வேண்டும். சில முறை சுட்ட பிறகு திருகைத் திரும்ப இறுக்குங்கள், ஏனென்றால் தோல் அமுங்கிக் கொடுக்கும். கல்லின் சரிவான முகம் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று பழகியவர்கள் காலம் காலமாக வாதிட்டு வருகிறார்கள். பொது விதி என்று எதுவும் இல்லை; ஒவ்வொரு குதிரையின் கோணமும் வேறு. இரண்டு வழியிலும் வைத்துத் தட்டிப் பார்த்து, தகட்டின் மேற்பகுதியில் பட்டுக் கீழ்வரை சீவி வருவது எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பொறி நன்றாக விழுந்தும், கிண்ணத்து மருந்து பொசுக்கென்று எரிந்து அடங்கி, உள்ளே உள்ள மருந்து பற்றாமல் போவது இரண்டாவது வகைத் தவறு. இதற்குக் காரணம் அநேகமாகத் தீத்துளைதான். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தத் துளை, சில முறை சுட்டதும் கரியாலும் உப்புப் பிசினாலும் சுருங்கிவிடுகிறது. மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றைக் கையோடு வைத்திருந்து, ஒவ்வொரு முறை கெட்டித்த பிறகும், கிண்ணத்தில் மருந்து இடுவதற்கு முன் அதைக் குத்தித் திறந்துவிடுங்கள். இன்னொரு காரணம், கிண்ணத்தை நிரம்ப நிரப்புவது. கிண்ணத்தில் எரியும் மருந்தின் அனலும் சுடரும் துளைவழியே சட்டென்று உள்ளே பாய்ந்துதான் உள்மருந்தைப் பற்றவைக்க வேண்டும். துளைக்குள்ளேயே மருந்தைத் திணித்துவிட்டால், அது திரி போல ஒவ்வொரு துகளாக எரிந்துகொண்டு போக வேண்டியிருக்கும். அப்போதுதான் கிண்ணம் எரிந்து ஒரு கணம் கழித்து வெடிக்கும் அந்தச் சலிப்பூட்டும் தாமதம் வருகிறது. மிக நுண்ணிய மருந்தைக் கிண்ணத்தில் பாதிக்குக் குறைவாக இட்டாலே போதும். அதைத் துளையை விட்டு வெளிப்பக்கமாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று முன்பு எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள். கருவிகளால் நேரத்தை அளந்து பார்த்த சோதனைகள் துளைக்கு அருகில் இருப்பதே விரைவு என்று காட்டுகின்றன. என் கைக்கும் அது சரியாகவே தெரிகிறது. ஆனால் பழைய முறையில் ஒதுக்கி வைத்துச் சிறப்பாகச் சுடுபவர்களையும் கண்டிருக்கிறேன், ஆகையால் இதை இன்னும் தீராத வழக்காகவே வைக்கிறேன்.

மருந்தைப் பற்றி மட்டும் எந்த ஐயத்துக்கும் இடமில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த உண்மையான கரிமருந்து, அதுவும் தொழிற்சாலையில் செய்து, துகள் அளவு குறித்து விற்கப்படுவது மட்டுமே இதற்கு உரியது. இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைக் கொஞ்சம்கூட, கலந்துகூட, இதில் இடக் கூடாது. குழல் வெடித்துச் சிதறும். கரிமருந்துக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்கள் பற்றுவதற்குக் கூடுதல் வெப்பம் வேண்டும் என்பதால், கிண்ணத்தில் இட்டால் பெரும்பாலும் பொறிக்குப் பணியமாட்டா. அளவு, துப்பாக்கி செய்தவர் குறித்துக் கொடுத்த அளவே. மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். முன் சுட்டதன் கங்கு உள்ளே இருந்தால் கையிலுள்ள குடுவை முழுவதும் வெடிக்கும். சிறு அளவியில் ஊற்றி, அதிலிருந்து இடுங்கள். குண்டு மருந்தின் மேல் நன்றாக அமர வேண்டும்; இடையில் வெற்றிடம் விட்டால் குழல் அந்த இடத்தில் புடைக்கவோ பிளக்கவோ கூடும். அதற்காகவே திணிகோலில், சரியாகக் கெட்டித்தபோது குழல்வாய்க்கு நேரே வரும் இடத்தில் ஒரு கோடு இட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் பாருங்கள். மரக்கோலானால் குழல்வாய்க்கு அருகிலேயே பிடித்துச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். உயரப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினால் ஒடிந்து உள்ளங்கையில் பாயும். கிண்ணத்தில் மருந்து இடுவது எப்போதும் கடைசி வேலை. பாதியில் நிறுத்திய குதிரையைப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள். தீத்துளையிலிருந்து சுடர் பக்கவாட்டில் சீறும் என்பதால், அந்தப் பக்கம் எவரும் நிற்கக் கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் உங்களுக்கும் அருகில் இருப்பவருக்கும் வேண்டும். ஈயக்குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணக் கூடாது.

துருவுக்கு வருகிறேன். கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அந்தக் கசடில் பெரும்பகுதி பொட்டாசியத்தின் கார்பனேட், சல்ஃபேட், சல்ஃபைடு ஆகிய உப்புகள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேல் வைத்துக்கொள்வது அவற்றின் இயல்பு. ஆகவே உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை: ஈரமான காற்றில் கழுவாமல் ஓர் இரவு விட்டால் மறுநாள் காலையில் துரு தெரியும். இது அமைப்பிலேயே உள்ள குறை, இதற்கு மாற்று இல்லை. ஆனால் அதே உப்புகள் நீரில் எளிதாகக் கரைந்துவிடும் என்பதால், இதற்குச் சிறந்த மருந்து வெறும் தண்ணீர்தான். இரும்பில் தண்ணீர் படக் கூடாது என்ற பயத்தில் இயந்திர எண்ணெயைக் கொண்டு துடைப்பவர்களே துப்பாக்கியைக் கெடுக்கிறார்கள்; கனிம எண்ணெய் இந்தக் கசடோடு சேர்ந்து தார் போல இறுகி, உப்பை அடியில் பூட்டி வைத்துவிடும்.

கழுவும் முறை இது. சுட்ட அன்றே, முடிந்தால் அந்த மணிநேரத்திலேயே, தீத்துளையில் ஒரு குச்சியைச் செருகி அடைத்து, குழலில் பாதி வரை நீர் ஊற்றுங்கள். வாயை விரலால் மூடி மெல்லச் சாய்த்தும் நிமிர்த்தியும் விட்டுக் கொட்டுங்கள். முதல் நீர் மை போலக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். சல்ஃபைடு கரைவதன் அடையாளம் அது. மூன்றாம் நான்காம் முறையில் நீர் சாம்பல் நிறமாகி, பிறகு தெளியும். அதன் பின் நனைந்த துணித்துண்டைக் கோலில் சுற்றி அடிவரை செலுத்தி எடுங்கள், நாற்றமும் கறுப்பும் நிற்கும் வரை. பிறகு உலர்ந்த துணித்துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, கடைசித் துண்டு உலர்ந்தே வெளியே வரும் வரை. கொதிநீர் வேண்டும், அதன் சூட்டிலேயே குழல் உலர்ந்துவிடும் என்பது ஒரு கட்சி. கொதிநீர் பட்ட இரும்பில் கண்ணெதிரே மெல்லிய பழுப்பு படர்கிறது, வெதுவெதுப்பான நீரே போதும் என்பது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சி. கொதிநீரில் கழுவி உடனே துடைத்துப் பல்லாண்டு நன்றாக வைத்திருப்பவர்களும் உண்டு. உலர்ந்த பிறகு துருத்தடுப்பு எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். அன்றிரவு குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் அடிப்பகுதிக்கு வழிந்து, தீத்துளை வழியே கட்டையில் ஊறி மரத்தை மென்மையாக்கிவிடும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் வெள்ளைத் துணியைச் செலுத்திப் பாருங்கள்; செம்பழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் திரும்பக் கழுவுங்கள். அடுத்த முறை சுடுவதற்கு முன் குழலிலும் தகட்டிலும் கல்லிலும் உள்ள எண்ணெயை முற்றிலும் நீக்க வேண்டும். எண்ணெய் பட்ட தகடு பொறி தராது, எண்ணெய் பட்ட மருந்து பற்றாது.

முழுநீளக் கட்டையில் சிறு ஊசிகளால் பொருத்திய குழலை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டாம். ஊசித் துளைகள் தளர்ந்து, மெல்லிய மரவிளிம்பு பிளந்துவிடும். குதிரையும் தகடும் கிண்ணமும் வில்லும் சேர்ந்த பொறிப்பூட்டை மட்டும் கழற்றலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. குதிரையைப் பாதியில் நிறுத்தி, எதிர்ப்புறமுள்ள திருகுகளைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால், பூட்டு தானாகவே தன் பள்ளத்திலிருந்து எழும்பி வரும். விளிம்பில் எதையாவது நுழைத்து நெம்பினால் மரம் சிதறும். திருகுத்தலையின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை மட்டும் பயன்படுத்துங்கள். உள்ளே உள்ள பெரிய வில்லை (ஸ்பிரிங்கை) அதற்குரிய இடுக்கி இல்லாமல் தொடாதீர்கள். பூட்டைக் கழுவி, உலர்த்தி, உராயும் இடங்களில் ஒவ்வொரு துளி எண்ணெய் விட்டால் போதுமானது. தோல் உறையில் போட்டு வைப்பது அழகாகத் தோன்றும், ஆனால் தோல் ஈரத்தையும் அமிலத்தையும் வைத்துக்கொள்ளும். உறை எடுத்துச் செல்வதற்கே, வைத்துப் பேணுவதற்கு அல்ல.

இவ்வளவு பாடும் எதற்காக என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தத் துப்பாக்கியில் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் கையால் தொட்டே அறிந்துகொள்ளலாம். எனக்கு இதன் மேல் தீராத ஈடுபாடு வந்ததற்குக் காரணம் அதுதான். பிரிட்டிஷ் படைவீரர்களின் பிரவுன் பெஸ் துப்பாக்கியின் குழல் அகலம் 0.75 அங்குலம், அதில் இட்ட குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம்தான். இவ்வளவு இடைவெளி விட்டால் குறி தப்பும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பத்துப் பதினைந்து முறை சுட்டுக் கசடேறிய குழலிலும் குண்டு தடையின்றி இறங்க வேண்டும், வரிசையாக நின்று விரைந்து சுடுபவனுக்குக் குறியைவிட வேகம் பெரிது என்பதால் அப்படிச் செய்தார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கித் தொழிலாளிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் செய்த நீள்குழல் துப்பாக்கி இதற்கு நேர் எதிரானது: குறுகிய குழல்வாய், உட்புறத்தில் குண்டைச் சுழலவைக்கும் திருகுவரி, கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்து இறுக்கமாக இறக்கும் குண்டு. கெட்டிக்க நேரமாகும், மருந்தும் ஈயமும் மிச்சமாகும், வைத்த குறியில் போய்ப் படும். இரண்டையும் அடுத்தடுத்துக் கழுவிப் பார்த்தவருக்கு, இரண்டு வாழ்க்கை முறைகளின் வேறுபாடு விரல்நுனியிலேயே தெரியும்.

நல்ல பூட்டொன்றின் குதிரையை மெல்லப் பின்னால் இழுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் கனமாக இருப்பது, முழு நிலையை நெருங்க நெருங்க இலகுவாகும். விடுபட்டதும் கல் தகட்டில் மோதும் இடத்தில் முழு வலுவும் சேரும்படி வில்லும், குதிரையோடு சேர்ந்து திரும்பும் உள்சக்கரமும் அமைந்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லுக்கும் உள்சக்கரத்துக்கும் இடையே ஒரு சிறு இணைப்புக் கண்ணியைச் சேர்த்தார்கள். எஃகுத் தகடு துள்ளித் திறக்கும் இடத்தில் ஒரு சின்ன உருளையை வைத்தார்கள். உராய்வு குறைந்து, கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்தது. லண்டனில் ஹென்றி நாக் 1787இல் காப்புரிமை பெற்ற அடித்திருகு, கிண்ணத்துச் சுடரை ஒரு சிறு அறைக்குள் வாங்கி உள்மருந்தின் நடுவே பாய்ச்சியது. அந்தக் காலத்து லண்டன் பூட்டுகளில் கிண்ணத்தின் ஒலியும் குழலின் ஒலியும் தனித்தனியாகக் கேட்பதில்லை. இவ்வளவு நுட்பமும் அரமும் கண்ணும் கொண்டு, அளவுமானிகள் மலிந்திராத காலத்தில் செய்யப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஆகவே வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, சுட்ட ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரம் கழுவுவதற்கு ஒதுக்க முடியுமானால் வாங்குங்கள் என்று சொல்வேன். அந்த ஒரு மணிநேரம் பாரமாகத் தோன்றினால் வேண்டாம். சுடுவதற்கு என்றால் புதிதாகச் செய்து, அழுத்தச் சோதனையில் தேறி, முத்திரை பெற்ற குழல் உள்ளதையே வாங்குங்கள். இத்தாலியின் வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கிலுள்ள கார்டோனே ஊரில் இத்தகையவற்றை இன்றும் தொழிலாகச் செய்கிறார்கள். உங்கள் நாட்டுச் சட்டம் பழையதையும் புதியதையும், துப்பாக்கியையும் மருந்தையும் வெவ்வேறாக நடத்தக்கூடும் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்க வேண்டுமானால் செதுக்கு வேலையிலும் மரத்தின் அழகிலும் குறையுங்கள், பூட்டில் குறைக்காதீர்கள். விற்பவர் அனுமதித்தால் மங்கலான இடத்தில் தட்டிப் பொறியைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தீத்துளை கிண்ணத்தின் நீளத்தில் நடுவாக இருக்கிறதா, கிண்ணம் குழலோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்கிறதா என்று கவனியுங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் மருந்து அதன் வழியே கட்டைக்குள் இறங்கி, ஒரு நாள் உள்ளேயே எரியும்.

அழகுக்காகப் பழையது ஒன்றையும் சேர்த்து வாங்க ஆசைப்பட்டால், ஒன்றை மட்டும் எச்சரித்து வைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஏராளமான சக்கிமுக்கிக்கல் துப்பாக்கிகளைத் தொப்பிமருந்து முறைக்கு, அதாவது தட்டினால் வெடிக்கும் மருந்தடைத்த சிறு உலோகத் தொப்பியால் சுடும் முறைக்கு, மாற்றினார்கள். விலை அதிகம் என்பதற்காக அவற்றுள் பலவற்றைப் பிற்காலத்தில் மறுபடி கல்முறைக்குத் திருப்பினார்கள். பூட்டுத் தகட்டில் அடைத்த பழைய திருகுத் துளைகள், குழல் முழுதும் தேய்ந்திருக்கக் கிண்ணமும் எஃகுத் தகடும் மட்டும் கூர்விளிம்போடு இருப்பது, தீத்துளையைச் சுற்றிப் பெரிய வட்டமாகச் செருகப்பட்ட புதிய இரும்பு ஆகியவை அதன் அடையாளங்கள். நெடுங்காலம் கல்லால் சுடப்பட்ட துப்பாக்கியில், கிண்ணத்துக்கு மேலே குழலின் பக்கம் தீயால் அரிக்கப்பட்டுச் சற்றே குழிந்திருக்கும். திருப்பி மாற்றியது என்று வெளிப்படையாகச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் வாங்குவதில் தவறில்லை; அது மாறாத மூலநிலையில் இருப்பதாகச் சொல்லி விற்றால், பூட்டைக் கழற்றி உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள்.